ஓரெழுத்துத் திரிபு: அரிய மகளிர் புற்றுநோய்களும் அவற்றைக் குறிக்கும் சொற்களும்

மகளிர் புற்றுநோய்களுக்கு நெடுங்காலம் உறுப்பே பெயராக இருந்தது. கருப்பைப் புற்று, சூலகப் புற்று என இடத்தைச் சுட்டினர்; அவ்விடத்தை அறுத்தெடுப்பதையும் கதிர்வீச்சையுமே மருத்துவம் பெரிதும் நம்பியது. இன்று ஒரு கட்டியை அதன் மரபணுவில் நேர்ந்த பிறழ்வைக் கொண்டும் இனங்காண்கின்றனர். அவ்வரலாற்றையும் அதற்கு நாம் வழங்கும் சொற்களையும் ஒருங்கே நோக்குவது பயனுடைத்து.

முதல் திருப்பம் 1956இல் நிகழ்ந்தது. நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து எழும் கோரியோகார்சினோமா என்னும் அரிய புற்று மெத்தோட்ரெக்சேட் மருந்தால் மறைந்ததை, அமெரிக்காவில் மின் சியூ லியும் ராய் ஹெர்ட்சும் அறிவித்தனர். ஃபோலிக் அமிலத்தின் பணியைத் தடுத்து, உயிரணு பெருகாமல் செய்வது அம்மருந்து. அவ்வகை மருந்துகளை உருவாக்கிய லெடர்லி ஆய்வகத்தை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். 1948இல் மறைந்த அவர் இவ்வெற்றியைக் காணவில்லை. எனினும் விரைந்து பெருகும் நல்லணுக்களையும் அம்மருந்து தாக்கிற்று. நோயணுவை நல்லணுவிலிருந்து பிரித்தறிய, மரபணுவின் எழுத்துகளைப் படிக்க வேண்டியிருந்தது.

அவ்வெழுத்துகள் நான்கு. அவற்றில் நேரும் பிழைகளின் வகை, நன்னூல் கற்ற மாணவர்க்குப் புதிதன்று. புணர்ச்சியில் விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். மரபணுவிலும் இல்லாத எழுத்துத் தோன்றலாம்; ஒன்று மற்றொன்றாகத் திரியலாம்; இருந்தது கெடலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'சடுதி மாற்றம்' என்பதை இலங்கைப் பாடநூல்கள் 'விகாரம்' என்றே வழங்குவது இங்கு நினைக்கத்தக்கது.

திரிதலுக்கு ஓர் எடுத்துக்காட்டு. சூலகத்தில் அரிதாகத் தோன்றும் கிரானுலோசா உயிரணுக் கட்டியைக் கனடாவின் வான்கூவர் ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2009இல் முடிவை வெளியிட்டனர். வயது வந்தோர்க்கு வரும் வகையில் ஏறத்தாழ எல்லாக் கட்டிகளிலும் ஃபாக்ஸ்எல்2 மரபணுவின் 402ஆம் எழுத்தாகிய 'சி', 'ஜி'யாகத் திரிந்திருந்தது. ஐயத்திற்குரிய கட்டி எவ்வகையினது என உறுதிசெய்ய இவ்வறிவு இன்று துணைபுரிகிறது.

கெடுதலுக்கு மற்றோர் எடுத்துக்காட்டு. 1994இல் கண்டறியப்பட்ட பிஆர்சிஏ1 மரபணுவின் தொடக்கப் பகுதியில் 'ஏ', 'ஜி' என்னும் ஈரெழுத்துகள் கெடுவதுண்டு. தென்னிந்தியக் குடும்பங்களிலும் இது பலமுறை காணப்பட்டுள்ளது. எழுத்துகளை மும்மூன்றாகப் படிப்பது உயிரணுவின் வழக்கமாதலின், இரண்டு நீங்கினால் பின்வருவன யாவும் பொருள் பிறழும். டி.என்.ஏ. இழை முறிவைச் செம்மையாகச் சீர்செய்யும் ஆற்றலை அவ்வணு இழக்கும். பார்ப் என்னும் நொதியைத் தடுத்து, எஞ்சிய வழியையும் அடைத்தால் நோயணு மடியும் என 2005இல் இரு குழுக்கள் காட்டின. அவ்வகை மருந்தாகிய ஒலாபரிப், சூலகப் புற்றுக்கு 2014இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சூலகப் புற்றின் அரிய வகையொன்றில் கேராஸ் மரபணு பிறழ்ந்து, நோய் திரும்பியவர்களுக்கென இருமருந்துச் சிகிச்சை 2025இல் அங்கு ஒப்புதல் பெற்றது.

இவ்வளவு நுட்பமான வேறுபாடுகளையும் நாம் 'மரபணு மாற்றம்' என்ற ஒரே தொடரில் அடக்கிவிடுகிறோம். பயிர்களுக்கும் அதுவே பெயர். மேலும் அச்சொல்லின் முன்னே 'மரபு' நிற்பதால், கேட்பவர் பரம்பரை என்றே கொள்வர். கிரானுலோசா கட்டியின் பிறழ்வோ அக்கட்டியில் மட்டும் தோன்றுவது, மகளுக்குச் செல்லாது. பிறப்பிலேயே அமைந்த பிஆர்சிஏ பிறழ்வு, ஆணாயினும் பெண்ணாயினும் ஒவ்வொரு பிள்ளைக்கும் செல்ல இரண்டில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. பிஆர்சிஏ பிறழ்வும் சிலரிடம் கட்டியில் மட்டுமே தோன்றும். ஆதலால் பிறழ்வு எங்குள்ளது என்பதே முதற்கேள்வி.

மலேசியாவில் மரபியல் ஆலோசகர் மிகச் சிலரே. ஆகவே சிகிச்சை தரும் மருத்துவர்களே சூலகப் புற்று நோயாளிகளுக்கு ஆலோசனை வழங்கும் முறையை மலேசியப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ஆராய்ந்தது. நம் கெப்பாலா பத்தாஸ், பெர்த்தாமிலும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கழகம் புற்றுநோய்ச் சிகிச்சை அளிக்கிறது. இத்தகைய இடங்களில் மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்வதைத் தாய்க்குத் தமிழில் சொல்லும் பொறுப்புப் பெரும்பாலும் பிள்ளைகளுடையது. கட்டியில் மட்டும் உள்ள பிறழ்வை அவர்கள் 'பரம்பரை நோய்' என்றால், வீண் அச்சம் குடும்பத்தைச் சூழும். மகளின் திருமணப் பேச்சும் தடைபடலாம். பிறவியில் வந்ததை 'கட்டியில் ஏதோ மாற்றம்' என்றால், உரிய காலத்தில் சோதனை செய்துகொள்ள வேண்டிய தங்கை அறியாமலே இருந்துவிடுவாள்.

எனவே இரு சொற்கள் தேவை. உடன்பிறந்ததைப் 'பிறவிப் பிறழ்வு' என்றும், கட்டியில் மட்டும் தோன்றியதைக் 'கட்டிப் பிறழ்வு' என்றும் வழங்கலாம். புணர்ச்சி விகாரம் கற்பிக்கும் ஆசிரியர், அதே வகுப்பில் இவ்விரு சொற்களையும் சில நிமிடங்களில் விளக்கிவிடலாம். அதைக் கேட்ட மாணவர் நாளை ஒரு மருத்துவமனையில் தம் தாயின் அருகில் அமரும்போது, கேட்க வேண்டிய கேள்வி அவர்க்குத் தெரிந்திருக்கும்.