ஆறு கையெழுத்து

இங்கிலாந்தில் காய்கறி பயிரிட, உள்ளாட்சி மன்றங்கள் சுமார் 250 சதுர மீட்டர் துண்டுநிலங்களைக் குறைந்த வாடகைக்குத் தருகின்றன. இதைக் கருணை என்று நாம் படித்துவிடக் கூடாது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பொது நிலங்களைச் சட்டம் போட்டே வேலியடைத்து, ஏழைகளை நிலமற்றவர்களாக்கினார்கள். அந்தப் பறிப்புக்குப் பின்னரே 1887, 1908 சட்டங்கள் வந்தன. 1908 சட்டப்படி, வாக்காளர்கள் ஆறு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் மன்றம் பரிசீலித்தே ஆக வேண்டும். இன்றும் பல ஊர்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம். ஆனாலும் கேட்பது அங்கே உரிமை.

1892இல் சென்னை மாகாண அரசு நமக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலத்தைப் பிறருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. இருந்தும் ஏராளமான நிலம் கைமாறிவிட்டது. தனியாள் மனு தாலுகா அலுவலகத்தில் தூங்கும். சேரியே சேர்ந்து கையெழுத்திடுவோம், தோழர்களே.