உடைந்த வெண்கலத் தகடும் உரோமர் குதிரைச் சேணமும்

பூமியினின்று வெளிப்படும் பழம்பொருள் முழுமையாயிருப்பின் அதனை இன்னதென்று கூறுதல் எளிது. உடைந்த துண்டாயின், கண்ட மாத்திரத்தே பெயரிட்டுவிடுதல் ஆய்வாகாது. இவ்வுண்மையை உரோமர் குதிரைச் சேணத்தின் வரலாறு நமக்கு நன்கு புலப்படுத்துகின்றது.

ஸ்கொத்லாந்தின் தென்பாகத்தில், துவீட் ஆற்றின் அருகே, நியூஸ்ரெட் என்னும் ஊர் உளது. கி. பி. முதலாம் நூற்றாண்டில் உரோமர் அங்கே திரிமொந்தியம் என்னும் கோட்டையை அமைத்தனர். அதனை 1905ஆம் ஆண்டு தொடக்கம் 1910ஆம் ஆண்டு வரை அகழ்ந்தவர் ஜேம்ஸ் கேர்ள் என்பார். தொழிலாற் சட்டத்தரணியாகிய அவர், கிடைத்த பொருள்களை இடங்குறித்து விவரித்து, 1911இற் பெருநூலாக வெளியிட்டார். அப்பொருள்களுள் வளைந்த வெண்கலத் தகடுகள் சிலவும் இருந்தன. அவற்றின் ஓரங்களிலே சிறு துளைகள் காணப்பட்டன. தோல் போன்ற வேறொன்றோடு தகடு பிணைக்கப்பட்டிருந்தது என்பதைத் துளைகள் காட்டும்; அது வீரனுடைய கவசமா, குதிரையின் அணியா என்பதை அவை மாத்திரம் காட்டமாட்டா.

விடை வேறிடங்களிலிருந்து வந்தது. ஒல்லாந்து தேசத்தில் வல்கென்பேர்க் என்னுமிடத்து ஈரமண், உரோமர் காலத்துத் தோற்சேண உறைகளை அழியாது காத்திருந்தது. அவைபற்றிய ஆய்வு 1967இல் வெளிவந்தது. ரைன் நதிப் பிரதேசத்துக் கல்லறைக் கற்களிலோ, கொம்புகளையுடைய சேணத்தில் வீரர் அமர்ந்திருக்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. வெண்கலம், தோல், கல் ஆகிய மூன்று சான்றுகளையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்த பீற்றர் கொனலி, 1980ஆம் ஆண்டுகளில் நாற்கொம்புச் சேணமொன்றைச் செய்து, குதிரைமீது இட்டுச் சோதித்தார். வளைந்த தகடுகள் அக்கொம்புகளுக்குரியவை என்பது தெளிவாயிற்று.

இதனால் விளைந்த பயன் பெரிது. உரோமர் அங்கவடியை அறியார். ஆகவே அவர்தம் குதிரைவீரர் உறுதியாக அமர்ந்து போர்செய்திருக்க முடியாதென்று பலர் கருதிவந்தனர். முன்னிரு கொம்புகள் தொடைகளைப் பற்ற, பின்னிரு கொம்புகள் இடுப்பைத் தாங்க, வீரன் நிலைபெற்றிருக்கக் கூடும் என்பதைச் சோதனை காட்டிற்று. சேணத்தினுள்ளே மரச்சட்டம் இருந்ததா என்பதில் மாத்திரம் அறிஞரிடையே கருத்துவேறுபாடு உண்டு.

இளைஞர்களே! நிலத்திலே பழைய உலோகத்துண்டு ஏதேனும் கண்ணிற்பட்டால், களிம்பைச் சுரண்ட முற்படாதீர்கள். கிடந்த இடத்தையும் உடன்கிடந்தவற்றையும் முதலிற் குறித்துக்கொண்டு, அறிந்தோருக்கு அறிவியுங்கள். ஒரு சான்று உள்ளவிடத்து 'இருக்கலாம்' என்றெழுதி, பல சான்றுகள் கூடியபின் 'ஆம்' என்றெழுதுவதே வரலாற்று மாணவனுக்கு அழகு.