தோட்டத்து மழையுடையும் இறப்பர் பூட்ஸும்

இலங்கையின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வேலை செய்யும் மலையகத் தமிழர் மழைக்கும் குளிருக்கும் உடுத்தும் உடுப்புகள் தோட்டத்து மழையுடை எனப்படும். தலைக்குக் கம்பளி அல்லது பொலித்தீன், இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த விரிப்பான படங்கு, காலுக்கு முழங்கால் உயர இறப்பர் பூட்ஸ் ஆகியவை இதில் முக்கியமானவை. இவற்றுள் கடைசியாக வந்து சேர்ந்ததும், இன்றும் எல்லாருக்கும் கிடைக்காததும் பூட்ஸ்தான்.

எடுத்துக்காட்டாக, கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் நுவரெலியாவைப் போல் உறைபனி விழுவதில்லை. இங்கு குளிரைக் கொண்டுவருவது ஈரம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரத்து இடிமழை. 2016 மே 17 அன்று அரநாயக்கவின் சாமசர மலை சரிந்து ஊர்களை மூடியது இப்பகுதி மழையின் கனத்துக்குச் சான்று. வெயில் அடிக்கும் நாளிலும் விடியற்காலைப் பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்) முடிந்து மலைக்கு ஏறும்போது செடியெல்லாம் நனைந்தே நிற்கும். முதல் நிரை கொழுந்து எடுப்பதற்குள் இடுப்புக்குக் கீழே உடுப்பு ஊறிவிடும்.

உடையின் வரலாறு

19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவின் வறண்ட சமவெளிகளிலிருந்து வந்தவர்களிடம் மலைமழைக்கு ஏற்ற உடுப்பு இருக்கவில்லை. தோட்டங்கள் கம்பளி கொடுத்தன. அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டன. கம்பளி நனைந்தால் பாரமாகும். ஆனாலும் ஈரத்திலும் ஓரளவு சூட்டைக் காக்கும். பின்னாளில் சாக்கும் பொலித்தீனும் அதன் இடத்தைப் பிடித்தன. படங்கு நனைந்த செடியின் தண்ணீரைத் தடுப்பதோடு, கவ்வாத்து வெட்டிய (கிளை நறுக்கிய) செடிகளின் குச்சிகள் கீறாமலும் காக்கிறது.

கால் மட்டும் வெறுங்காலாகவே இருந்தது. 1916இல் ரொக்பெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. மண்ணிலிருந்து பாதத் தோல் வழியாக உடம்புக்குள் நுழையும் அப்புழுவுக்கு மருந்தும் மலகூடமும் முன்வைக்கப்பட்டன. காலணி பரவலாக வர இன்னும் பல தலைமுறைகள் ஆயின.

முழங்கால் உயரப் பூட்ஸ் ஐரோப்பாவில் படைவீரர்களின் தோல் காலணியாக இருந்து, வெலிங்டன் கோமகனின் பெயரால் பரவியது. இறப்பரை வெப்பத்திலும் குளிரிலும் நிலைக்கச் செய்யும் கந்தகமேற்றும் முறைக்கு 1844இல் சார்ள்ஸ் குட்இயர் காப்புரிமை பெற்றார். 1853இல் ஹைரம் ஹட்சின்சன் பிரான்சில் இறப்பர் பூட்ஸ் செய்யத் தொடங்கினார். பிரேசில் இறப்பர்க் கன்றுகள் 1876இல் இலங்கைக்கு வந்து ஹேனரத்கொடவில் நடப்பட்டன. நாளடைவில் கேகாலை நாட்டின் முக்கிய இறப்பர் மாவட்டங்களுள் ஒன்றானது. அங்கே பால் வெட்டியவர்கள் வெறுங்காலோடு வெட்டினார்கள். இந்த வரலாற்றில் மன்னிக்க முடியாத பகுதி இதுவே.

நோயும் பாதுகாப்பும்

கேகாலை அடங்கிய சப்ரகமுவ மாகாணத்தில் நீள பூட்ஸ் தேவைப்படுவதற்கு முதற்காரணம் எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீரில் வாழும் கிருமி, கால் வெடிப்பு, கீறல் வழியாக உள்ளே போகும். கேகாலையும் இரத்தினபுரியும் இந்நோய் அதிகம் காணப்படும் மாவட்டங்கள். 2008இல் நாடு முழுவதும் 7,000க்கு மேற்பட்டோருக்கு எலிக்காய்ச்சல் என்று சந்தேகிக்கப்பட்டது. வயல், இரத்தினக்கல் குழி வேலையாட்களுக்குச் சுகாதாரத் துறை டொக்சிசைக்கிளின் மாத்திரை கொடுக்கிறது. மாத்திரை ஒரு காவல்; பூட்ஸ் இன்னொன்று. அட்டைக் கடிக்கு உப்பும் சவர்க்காரமும் பூசுவது வழக்கம். உயரமான பூட்ஸ் அட்டை ஏறுவதைப் பெரிதும் குறைக்கும். வெட்டுக்கத்தியைப் போல பூட்ஸும் வேலைக் கருவிதான். அதன் செலவைத் தோட்டமே ஏற்க வேண்டும்.

அணியும் முறை

சேலை அல்லது பாவாடையோடு அணியும்போது விளிம்பைக் கெண்டைக்கால் அளவுக்கு உயர்த்திச் செருகி, படங்கைப் பூட்ஸின் வாய்க்கு வெளியே விழும்படி கட்ட வேண்டும். உள்ளே விழுந்தால் படங்கில் வழியும் தண்ணீர் முழுவதும் பூட்ஸுக்குள் இறங்கிவிடும். காற்சட்டை போடுபவர்கள் அதைப் பூட்ஸுக்குள் விடலாம்; மேலே மழையங்கி தொங்குவதே போதுமானது. குளிர்நாடுகளில் நீண்ட கோட்டின் கீழ் ஒட்டிய காற்சட்டையைப் பூட்ஸுக்குள் விடும் நாகரிகமும் இதே அடுக்குமுறைதான்.

கொழுந்து எடுக்கும் பெண்கள் பலர் பூட்ஸைக் கழற்றி வைப்பதைச் சோம்பல் என்று சொல்வது தவறு. செங்குத்தான மலையில் அவர்கள் கால் விரலை மண்ணில் ஊன்றி நிற்பவர்கள். ஆண்களின் அளவில் வாங்கிய பூட்ஸ் கழன்று ஆடும், வழுக்கும், வெயில் ஏறினால் உள்ளே வியர்க்கும். சரியான அளவு, ஆழமாக வெட்டிய அடிப்பகுதி, கெண்டைக்கால் வரை வரும் பருத்திக் காலுறை ஆகிய மூன்றும் இருந்தால் இந்தச் சிரமத்தில் பெரும்பங்கு குறையும்.

காயவைப்பதும் எளிதல்ல. ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். நேர்வெயிலிலும் அடுப்புச் சூட்டிலும் இறப்பர் வெடிக்கும். தொழிலாளர் வாழும் லயத்து (வரிசைவீட்டு) அறையில் இடமும் குறைவு. இரவில் பழைய பத்திரிகைத் தாளை உள்ளே திணித்து, காலையில் அதை எடுத்துவிட்டு, மாற்றுக் காலுறை போடுவது கையிலுள்ள வழி.