பிந்தும் ஒப்படைகள்: சோம்பலா, பயமா?

ஒப்படை கொடுக்கவேண்டிய திகதி கடந்துவிட்டது. முன்னுரையையே பத்தாவது தடவையாக அழித்து எழுதும் மாணவியை வீட்டில் ‘சோம்பேறி’ என்கிறார்கள். பல வேளைகளில் அது சோம்பல் அல்ல. குறையோடு கொடுத்தால் தன் மதிப்பே போய்விடும் என்ற பயம்.

எதிலும் குறை இருக்கக்கூடாது என்ற இந்த மனநிலையை, கனேடிய உளவியலாளர்கள் போல் ஹெவிற், கோர்டன் பிளெற் ஆகியோர் 1991இல் மூன்றாகப் பிரித்தனர்: தன்னிடமே அதை எதிர்பார்ப்பது, மற்றவரிடம் எதிர்பார்ப்பது, மற்றவர்கள் தன்னிடம் எதிர்பார்க்கிறார்கள் என நம்புவது. வேலையைத் தள்ளிப்போடுவதோடு அதிகம் ஒட்டியிருப்பது மூன்றாவதுதான். யுத்தத்தில் எல்லாம் இழந்த வீட்டிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு இதை விளக்கத் தேவையில்லை. ‘உன்னைத்தான் நம்பியிருக்கிறம்’ என்று அம்மா அன்பாகத்தான் சொல்கிறார். அதுவே பாரமாகிறது.

கனடாவின் கார்ள்ரன் பல்கலைக்கழகத்தில் 119 முதலாமாண்டு மாணவரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2010இல் வெளியானது. முதற் பரீட்சைக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த பரீட்சைக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டனர். ஏச்சு வாங்கியே வளர்ந்த எங்களுக்கு இது தலைகீழாகத் தோன்றலாம்.

விரிவுரையாளர்கள் இறுதிப் பிரதியை மட்டும் கேட்காமல், அரைகுறை வரைவுக்கும் ஒரு திகதி வைத்தால், அந்த மாணவி இரண்டாம் பக்கத்துக்குப் போயிருப்பாள்.