மண்ணும் வயிறும்: ஒரு புழுவின் வரலாறு

நம் ஆட்கள் நாலு பேர் கூடினால் ஒரு வசனம் கட்டாயம் வரும். "நாங்கெல்லாம் மண்ணுல புரண்டோம், கிணத்துத் தண்ணி குடிச்சோம், ஒண்ணும் வரலை. இப்ப பாரு, பில்டர் தண்ணி குடிக்கிற பிள்ளைங்களுக்குத்தான் எல்லா வியாதியும்." சிங்கப்பூரோ, நியூஜெர்சியோ, இங்கே பவானிபூரோ, எங்கே போனாலும் இதே வசனம்தான். சொல்கிறவர் பெரும்பாலும் தாத்தா. கேட்டு முகம் வாடுகிறவர் பெரும்பாலும் பிள்ளையின் அம்மா.

இந்த வசனத்தில் பாதி உண்மை இருக்கிறது, மீதிப் பாதி ஆபத்தானது. எது எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். ஆனால் இந்த விஷயத்தின் கதை, நான் குடியிருக்கும் ஊரையும் நம் தமிழ்க் கூலிகள் போன ஊர்களையும் தொட்டுத் தொட்டுப் போகிறது. அதனால்தான் ஆர்வம்.

பவானிபூரில் ஹரீஷ் முகர்ஜி ரோடைப் பிடித்து வடக்கே நடந்தால் ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரி வரும். இப்போதைய பெயர் எஸ்.எஸ்.கே.எம்., பழைய பெயர் பிரசிடென்சி ஜெனரல், ஊர்க்காரர்களுக்கு வெறும் 'பி.ஜி.'. பறவை மலேரியா கொசு வழியாகப் பரவுவதை 1898-ல் ரொனால்ட் ராஸ் நிரூபித்தது இந்த வளாகத்தில்தான். அதே ஆஸ்பத்திரியின் குடல் நோய் மருத்துவர்கள் தில்லி எய்ம்ஸ் முதலிய இடங்களின் மருத்துவர்களோடு சேர்ந்து 2009-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். விஷயம்: இந்தியாவில் க்ரோன்ஸ் நோய்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. குடல் அழற்சி நோய் என்று பொதுவாகச் சொல்வதில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்று அல்சரேட்டிவ் கோலைடிஸ், பெருங்குடலின் உள்தோலில் மட்டும் புண். லண்டனில் சாமுவேல் வில்க்ஸ் 1859-ல் இதை விவரித்தார். இன்னொன்று க்ரோன்ஸ், வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வரும், குடல் சுவரின் ஆழம் வரை போகும். நியூயார்க்கில் பர்ரில் க்ரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் 1932-ல் எழுதியது. இரண்டிலும் காரியம் ஒன்றுதான்: உடம்பைக் காவல் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி சொந்தக் குடலையே தாக்குகிறது. குடலில் காலங்காலமாகக் குடியிருக்கும் பாக்டீரியாவை எதிரி என்று நினைத்துவிடுகிறது என்று சொன்னால் இன்னும் சரி.

ஏன் இப்படி நினைக்கிறது? இங்கேதான் 'ஹைஜீன் ஹைபாதிசிஸ்' வருகிறது. சுகாதாரக் கருதுகோள் என்று வைத்துக்கொள்வோம். 1989-ல் டேவிட் ஸ்ட்ராக்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், 1958 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த 17,414 பிரிட்டிஷ் பிள்ளைகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார். வீட்டில் அண்ணன் அக்கா நிறைய இருந்த பிள்ளைகளுக்குத் தூசி ஒவ்வாமைத் தும்மல் குறைவு. மூத்ததுகள் கொண்டுவரும் சளி, காய்ச்சல் எல்லாம் இளையதின் எதிர்ப்பு சக்திக்கு ஏதோ பாடம் சொல்லித் தருகிறதோ என்று சந்தேகப்பட்டார். அவர் சொன்னது முக்கியமாகத் தும்மலைப் பற்றித்தான். பின்னால் வந்தவர்கள் அதை ஆஸ்துமா, சர்க்கரை, குடல் அழற்சி என்று நீட்டினார்கள்.

குடலுக்கு வந்தபோது, அண்ணன் அக்காவின் இடத்தைப் பிடித்துக்கொண்டது ஒரு புழு. கொக்கிப்புழு.

இந்தக் கொக்கிப்புழு நம் ஆட்களின் வரலாற்றில் பெரிய பாத்திரம். வெறுங்காலோடு ஈர மண்ணில் நடந்தால் பாதத் தோலைத் துளைத்து ஏறும். ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு, கடைசியில் சிறுகுடலில் பல்லைப் பதித்துத் தொங்கும். ஒரு புழு குடிக்கும் ரத்தம் துளிக்கும் குறைவு. நூற்றுக்கணக்கில் இருந்தால் ஆள் வெளுத்துப்போவார்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்க் கூலிகள் அப்படித்தான் வெளுத்தார்கள். 1916-ல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை மாத்தளைப் பகுதியில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. தோட்டத் துரைமார்கள் இதற்கு ஒத்துக்கொண்டதில் தர்ம சிந்தனையை விட, வெளுத்த கூலி கொழுந்து குறைவாகப் பறிப்பான் என்ற கணக்குதான் அதிகம். அந்தக் காலத்து மருந்துகளில் ஒன்று தைமால். அது எதிலிருந்து வந்தது தெரியுமா? நம் வீட்டு ஓமத்திலிருந்து :-) இந்தியாவிலிருந்து கப்பலேறிய ஓமம் ஜெர்மனியில் மருந்தாகித் திரும்பியது. ராமநாதபுரம் மண்டபம் முகாமில் கூலிகளை நாள்கணக்கில் தடுத்து வைத்து, அம்மை குத்தி, பின்னாளில் புழு மருந்தும் கொடுத்துத்தான் கப்பலேற்றினார்கள். நம்மில் பலருடைய கொள்ளுத்தாத்தாக்கள் அந்த வரிசையில் நின்றவர்கள்.

இதே காலத்தில் இங்கே கல்கத்தாவில், வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில், ஆசா சாண்ட்லர் என்ற அமெரிக்கர் 1920-களின் நடுவில் கொக்கிப்புழு ஆராய்ச்சிக் கூடத்தை நடத்தினார். ஊர் ஊராக மலத்தில் முட்டையை எண்ணிப் பார்த்தார். வங்காளத்தில் அவர் கண்டது முக்கியமானது. புழு ஏராளமான பேரிடம் இருக்கிறது, ஆனால் தலைக்குச் சிலதான். அதனால் புழு இருப்பவர் எல்லோரும் நோயாளி இல்லை. தொற்று வேறு, நோய் வேறு. எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது. கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு இது மிகவும் பிடித்த பாடம்.

எண்பது சொச்சம் வருடம் கழித்து இதே புழு வேலூரில் இன்னொரு வேடத்தில் வந்தது. சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் ராமகிருஷ்ணா குழுவினர் 2011-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். க்ரோன்ஸ் நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் எடுத்து, யாருடைய ரத்த அணுக்களுக்குக் கொக்கிப்புழுவை 'ஞாபகம்' இருக்கிறது என்று சோதித்தார்கள். நோயாளிகளிடம் அந்த ஞாபகம் குறைவு. நோயில்லாதவர்களிடம் அதிகம். அதே குழுவின் இன்னொரு ஆய்வில், வீட்டு வளவில் மாடு இருந்தவர்களிடம் நோய் குறைவாகத் தெரிந்தது. அடிக்கடி மீன் சாப்பிடுகிறவர்களிடமும் அப்படித்தான் (இதை என் வங்காளி சகாக்களிடம் சொன்னால் அன்றைக்கே மீன்குழம்பு விருந்து வைத்துவிடுவார்கள்).

காரணம் என்னவாக இருக்கலாம்? புழு பல வருடம் குடலில் வாழ வேண்டும் என்றால் வீட்டுக்காரரின் எதிர்ப்பு சக்தியைத் தூங்க வைக்க வேண்டும். அதற்கான ரசாயனங்களைச் சுரக்கிறது. எதிர்ப்பு சக்திக்கு உள்ளேயே பிரேக் போடும் அணுக்கள் உண்டு, அவற்றைப் பெருக்குகிறது. ஆயிரமாயிரம் வருடம் புழுவோடு வாழ்ந்த உடம்பு, அந்தப் பிரேக்கில் பாதிப் பொறுப்பைப் புழுவிடம் விட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். புழு போனதும் வண்டி தறிகெட்டு ஓடுகிறது. லண்டனின் கிரஹாம் ரூக் 2003-ல் இதற்கு 'பழைய நண்பர்கள்' என்று பெயர் வைத்தார். நமக்குப் பாடம் சொல்பவை காலராவும் டைபாய்டும் இல்லை, நம்மோடு நெடுங்காலம் ஒட்டி வாழ்ந்த சில கிருமிகளும் புழுக்களும்தான் என்பது அவர் வாதம்.

தாத்தா வசனத்தின் உண்மையான பாதி இதுதான்.

இன்னொரு சாட்சியும் உண்டு. அது நம்மைப் போன்ற வெளியூர்வாசிகள். இங்கிலாந்தின் லெஸ்டர் வட்டாரத்தில் 1992-ல் வெளிவந்த ஆய்வில், அங்கே குடியேறிய தெற்காசியர்களுக்கு அல்சரேட்டிவ் கோலைடிஸ் வெள்ளையரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மலேசியாவில் ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கு ஆய்வில், மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரில் குடல் அழற்சி அதிகம் இந்தியரிடம். அங்கே இந்தியர் என்றால் பெரும்பாலும் தமிழர், ரப்பர் தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள். கப்பலேறினால் மரபணு மாறிவிடாது. மாறியது வாழ்க்கை.

சரி, அப்படியென்றால் புழுவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்கலாமே? பார்த்தார்கள். அமெரிக்காவில் ஐயோவாவில் ஜோயல் வைன்ஸ்டாக் குழு 29 க்ரோன்ஸ் நோயாளிகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பன்றிச் சாட்டைப்புழுவின் 2,500 முட்டைகளைக் குடிக்கக் கொடுத்தது. 2005-ல் முடிவு வந்தது, முக்கால்வாசிப் பேருக்கு மேல் குணம் தெரிந்தது! உலகமே பரபரத்தது. ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீர் குடித்த இன்னொரு குழு இல்லை. பெரிய அளவில், பாதிப் பேருக்கு முட்டை, பாதிப் பேருக்கு வெறும் திரவம் என்று முறையாகச் சோதித்தபோது 2013-ல் வித்தியாசமே தெரியவில்லை. ஜெர்மனியில் நடந்த பெரிய சோதனையும் பலனில்லை என்று நிறுத்தப்பட்டது.

இன்னொரு சிக்கல் பஞ்சாப். லூதியானாவில் அஜித் சூத் குழுவினர் 51,910 பேரை வீடு வீடாகப் பார்த்து 23 பேருக்கு அல்சரேட்டிவ் கோலைடிஸ் கண்டார்கள் (2003-ல் வெளியானது). லட்சத்துக்கு 44 பேர். மண்ணும் மாடும் நிறைந்த பூமி அது. சுத்தம் மட்டுமே குற்றவாளி என்றால் இந்தக் கணக்கு இடிக்கிறது. சாப்பாடு, சிறு வயதில் கொடுக்கும் ஆன்டிபயாடிக், புகை, மரபணு என்று பல கைகள் இதில் உண்டு.

இப்போது தாத்தா வசனத்தின் ஆபத்தான பாதிக்கு வருகிறேன். "ஒண்ணும் வரலை" என்று சொல்வது யார்? பிழைத்தவர்கள். வராதவர்களின் குரல் நமக்குக் கேட்பதில்லை. கல்கத்தாவுக்கு வந்து பாருங்கள். ராபர்ட் கோக் 1884-ல் காலராக் கிருமியை உறுதிப்படுத்தியது இந்த ஊரில், குடிநீரும் குளியலும் ஒன்றாக நடந்த குளங்களை ஆராய்ந்து. பல்தாவில் வடிகட்டிய குடிநீர் 1870-ல் வந்தது, ஆனால் ஊர் முழுவதற்கும் உடனே வரவில்லை. பவானிபூர் போன்ற புறநகர்கள் 1888-ல்தான் கல்கத்தா நகராட்சியில் சேர்ந்தன. காலரா எப்படிக் கொல்கிறது என்பதை, அதன் நச்சை வைத்து 1959-ல் காட்டியவர் இந்த ஊர் சம்பு நாத் தே. 1971-ல் பனகாவ் அகதி முகாமில் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் நிரப்பி உயிர்களை மீட்டவர் திலீப் மஹலனபிஸ். 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இத்தனை பேர் பாடுபட்டு வாங்கித் தந்த சுத்தமான தண்ணீரை 'எதிர்ப்பு சக்தி வரட்டும்' என்று கொட்டிவிடுவதா? கொக்கிப்புழுவும் அப்பாவி இல்லை. ரத்தசோகையோடு பிரசவித்து இறந்த நம் பாட்டிகளில் பலரின் கணக்கு அதன் பெயரில்தான் இருக்கிறது. 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாள் நடத்துவது சும்மா இல்லை.

ஆக, கையைக் கழுவுங்கள், தண்ணீரைக் காய்ச்சுங்கள், பூச்சி மருந்து கொடுங்கள். பிள்ளையைத் தோட்டத்திலும் நாய்க்குட்டியோடும் விளையாட விடுங்கள், சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. பிள்ளைக்கு இந்த நோய் வந்துவிட்டால் "நான் ரொம்ப சுத்தமா வெச்சுட்டேனோ" என்று எந்த அம்மாவும் அழ வேண்டியதில்லை. வீட்டைப் பெருக்கியதால் வந்த நோய் இல்லை இது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் கடைசியாக இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மலத்தில் ரத்தம், வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, ராத்திரியில் எழுந்து ஓடுவது, பிள்ளை எடையும் உயரமும் கூடாமல் நிற்பது - இதையெல்லாம் 'சூடு', 'மூலம்' என்று மோரில் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். காட்டும்போது உங்கள் ஊர்க் கதையையும் சொல்லுங்கள். குடல் டிபியும் க்ரோன்ஸும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், நான் முதலில் சொன்ன 2009 ஆய்வின் கவலையே அதுதான். க்ரோன்ஸுக்குத் தரும் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற மருந்து, உள்ளே தூங்கும் டிபியை எழுப்பிவிடும் என்பது 2001 முதல் தெரிந்த விஷயம். வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா என்பதை மறைக்க வேண்டாம்.

அதேபோல ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்று ஒரு புழு. அதுவும் வெறுங்கால் வழியாக ஏறுவதுதான், ஆனால் உள்ளேயே பெருகிக்கொண்டு பல பத்தாண்டுகள் இருக்கும். சயாம் - பர்மா ரயில்பாதையில் வேலை செய்த பிரிட்டிஷ் கைதிகளிடம் முப்பது வருடத்துக்கு மேல் கழித்தும் லிவர்பூலில் அதைக் கண்டுபிடித்தார்கள். அதே பாதையில் ஆயிரக்கணக்கான மலேயாத் தமிழர்களும் உழைத்து மடிந்தார்கள். ஸ்டீராய்டு கொடுத்தால் இந்தப் புழு உடம்பெல்லாம் பரவி ஆளையே கொல்லும். குடல் அழற்சிக்குக் கொடுக்கும் மருந்துகளில் ஸ்டீராய்டும் ஒன்று. அங்கே பிறந்து வளர்ந்த டாக்டருக்கு இது தோன்றாமல் போகலாம். "சின்ன வயசுல ஊர்ல செருப்பில்லாம நடந்திருக்கேன்" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் மாத்திரை, அவ்வளவுதான்.

மண்ணில் நடந்த கதையைப் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்கிறோம். டாக்டரிடமும் அவசியம் சொல்லுங்கள்.