எத்தனை பேர் வந்தாங்க?

போன வருஷம் எங்கள் தமிழ்க் குடும்பங்களின் கூட்டத்தில் நான் ஒரு பொய் சொன்னேன். சொல்லும்போது அது பொய் என்று எனக்கே தெரியாது, அதுதான் கொடுமை.

பட்டான்செருவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, ஹிந்தி, இங்கிலீஷ் மூன்றும் உண்டு, தமிழ் கிடையாது. வகுப்புக்கான பயிற்சித் தாள்களைப் போட ஒரு சின்ன இணையதளம் வைத்திருக்கிறேன். சர்வர் வாடகை சங்கத்துப் பணம். "இதை யாராவது பார்க்கிறாங்களா தம்பி?" என்று ஒரு பெரியவர் கேட்டார். பி.எச்.ஈ.எல்-இல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணக்கில் கறார். வாடகைக்கு இடம் கொடுத்த கம்பெனியின் பக்கத்தில் பார்த்திருந்த எண்ணை அப்படியே சொன்னேன்: "மாசம் 21 ஆயிரம் ஹிட்ஸ் சார்." கை தட்டினார்கள். வாடகையும் பாஸ் ஆகிவிட்டது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பட்டான்செருவில் 21 ஆயிரம் பேர் ல, ள, ழ படிக்கிறார்களா என்ன? லாக் கோப்பைத் திறந்து பார்த்தேன். அங்கிருந்து ஆரம்பித்த கதை இது.

'ஹிட்' என்ற சொல்லின் வரலாற்றிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் வந்த வெப் சர்வர்கள், தங்களிடம் கேட்கப்பட்ட ஒவ்வொரு கோப்புக்கும் லாக்கில் ஒரு வரி எழுதின. யார் (ஐபி எண்), எப்போது, எந்தக் கோப்பு, கிடைத்ததா இல்லையா, எத்தனை பைட். அமெரிக்காவின் என்.சி.எஸ்.ஏ. சர்வர் பழக்கிவிட்ட இந்த வடிவம் இன்றும் பெரிய மாற்றம் இல்லாமல் ஓடுகிறது. ஒரு பக்கத்தில் இருபது படம் இருந்தால், ஒருவர் ஒருமுறை எட்டிப் பார்த்தாலே 21 வரி, அதாவது 21 ஹிட். படத்தை அதிகமாகப் போட்டால் 'வாசகர்கள்' பெருகுவார்கள் :-)

இந்த வரிகளைப் படித்துச் சொல்ல 1995-இல் கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் டர்னர் 'அனலாக்' என்ற இலவச மென்பொருளை எழுதினார். 1997-இல் 'வெபலைசர்', 2000-இல் பிரெஞ்சுக்காரர் லோரன் டெஸ்தையர் எழுதிய 'ஏடபிள்யூஸ்டாட்ஸ்'. பழைய ஆட்களுக்கு அந்த நீலப் பச்சைப் பட்டைகள் ஞாபகம் இருக்கும். எந்தச் சொல்லைத் தேடி நம் பக்கத்துக்கு வந்தார்கள் என்பதைக்கூட அப்போது பார்க்கலாம். 2011-க்குப் பிறகு கூகுள் தேடலை மறையாக்கம் செய்ததில் அந்த ஜன்னல் மூடிக்கொண்டது. தேடுகிறவருக்கு அது நல்லதுதான், எனக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

பெரிய திருப்பம் 2005. ஏப்ரலில் கூகுள் 'அர்ச்சின்' என்ற கம்பெனியை வாங்கியது. நவம்பரில் அதையே 'கூகுள் அனலிட்டிக்ஸ்' என்று இலவசமாக விட்டது. விழுந்த கூட்டத்தில் சில நாட்களிலேயே புதிய ஆட்களைச் சேர்ப்பதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. பக்கத்தில் நாலு வரி ஒட்டினால் போதும், லாக் எல்லாம் வேண்டாம். ஆனால் அதுவரை நம் சர்வரிலேயே கிடந்த வாசகரின் தடம், அந்த நாலு வரி வழியாக வேறொருவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கணக்குப் புத்தகமும் அவர்களிடம்தான். 2023 ஜூலை முதல் தேதியோடு பழைய பதிப்பு புதிய கணக்கு எழுதுவதை நிறுத்தியது. ஒரு வருஷம் கழித்து பழைய ஏட்டைப் பார்க்கும் வழியும் மூடப்பட்டது.

இதற்கு மாற்றாகத் திறந்த மூலத்தில் வந்தவற்றில் முக்கியமானது மத்தியூ ஓப்ரியின் 'பிவிக்'. நம் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம், கணக்கு நம்மிடமே இருக்கும். 2018-இல் 'மட்டோமோ' என்று பெயர் மாறியது, ஜப்பானிய மொழியில் நேர்மை என்று பொருளாம். என் நிலைமைக்கு ரொம்பப் பொருத்தமான பெயர். விக்கிப்பீடியாவும் வெளியாள் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா உட்பட எல்லா மொழிகளுக்கும், எந்தப் பக்கம் எத்தனை தடவை திறக்கப்பட்டது என்பதை 2007 கடைசியிலிருந்து மணிக்கணக்கு வாரியாக யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுகிறார்கள்.

எங்கள் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1972-இல் தொடங்கிய இக்ரிசாட், சோளமும் கம்பும் கடலையும் ஆராயும் பன்னாட்டு நிலையம், இந்த பம்பாய் ஹைவே மேலேயே இருக்கிறது. தங்கள் விஞ்ஞானிகளின் கட்டுரைகளை எல்லாரும் படிக்கும்படி திறந்து வைப்பது என்று 2009-இல் முடிவெடுத்தார்கள். அந்தக் களஞ்சியம் ஓடுவது இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 2000-இல் பிறந்த 'ஈபிரிண்ட்ஸ்' என்ற திறந்த மூல மென்பொருளில். இதைப் பார்த்துத்தான் நாமும் செய்தால் என்ன என்று தோன்றியது.

மட்டோமோ என் குட்டி சர்வருக்குக் கொஞ்சம் கனம். பைதானில் சொந்தமாக எழுத உட்கார்ந்தேன். ஒரு வாரக் கடைசியில் முடியும் என்று நினைத்தது, மூன்று மாதம் இழுத்தது. வீட்டில் திட்டு தனிக் கணக்கு.

முக்கால்வாசி நேரத்தைத் தின்றது தமிழ்தான். பக்கங்களுக்கு ஆசையாகத் தமிழிலேயே பெயர் வைத்திருந்தேன். யூனிகோடில் 'தமிழ்' என்பது த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். லாக்கில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரியும். ஆக ஐந்து குறிச் சொல் 45 எழுத்து வாலாகிவிடும். அந்த வாலைச் சிலர் பெரிய எழுத்திலும் சிலர் சின்ன எழுத்திலும் அனுப்ப, ஒரே பக்கம் இரண்டு பக்கமாக எண்ணப்பட்டது. அதைச் சரி செய்தால் 'கொ' வந்து நின்றது. ஒகரக் கொம்பை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு. எண்ணுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

அடுத்தது ஆள் கணக்கு. ஐபி எண்ணைச் சேர்த்து வைக்க மனசு ஒப்பவில்லை, எல்லாம் நம் பிள்ளைகள். 2019-இல் வந்த 'ப்ளாசிபிள்' என்ற திறந்த மூல மென்பொருளின் வழியை எடுத்துக்கொண்டேன். ஐபி, பிரவுசர் பெயர் இரண்டோடும் அன்றைக்கு மட்டுமான ஒரு ரகசிய எண்ணைச் சேர்த்து அரைத்துவிடுவது. ராத்திரி அந்த எண்ணை அழித்துவிட்டால், நேற்று வந்தவரும் இன்று வந்தவரும் ஒரே ஆளா என்பது எனக்கே தெரியாது. லாக் கோப்பையும் அன்றன்றே அழித்துவிடுகிறேன்.

கணக்கு வந்தது. 21 ஆயிரம் ஹிட்டில் படம், எழுத்துரு, அலங்காரம் எல்லாம் கழித்தால் ஆறாயிரம். தேடுபொறிகளின் ரோபோக்களையும், பூட்டு திறந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் திருட்டு ரோபோக்களையும் கழித்தால் ஆயிரத்துச் சொச்சம் பக்கங்கள். மற்ற நாளில் ஏழெட்டு பேர், ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர். அவ்வளவுதான் நம்ம சாம்ராஜ்யம்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். வாடகையை நானே கட்டிவிடுகிறேன் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்தப் பெரியவர் மட்டும் விரலை மடக்கிக்கொண்டிருந்தார்.

"நம்ம வகுப்புல பிள்ளைங்க எத்தனை?"

"22 சார்."

"அப்ப மீதி பதினெட்டு பேர் யாரு?"

அப்பாவின் போனிலும் அம்மாவின் லேப்டாப்பிலும் பார்த்தால் ஒரு பிள்ளை இரண்டாகத் தெரியும் என்று விளக்கினேன். "எல்லாப் பிள்ளையுமா அப்படிப் பார்க்கும்? எந்த ஊர்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். பார்க்க முடியாது சார், பார்க்க முடியாதபடிதான் எழுதியிருக்கிறேன் என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"கேட்டா சொல்ல மாட்டாங்களா?"

அன்று சாயந்திரம் ல, ள, ழ பயிற்சித் தாளின் கீழே ஒரு வரி சேர்த்தேன்: இதைப் படிக்கிறவர்கள் எந்த ஊர் என்று விருப்பமிருந்தால் எழுதுங்கள். வாடகை இன்னும் சங்கத்துப் பணத்தில்தான் போகிறது. இதுவரை மூன்று கடிதம் வந்திருக்கிறது. ஒன்று சூரத்திலிருந்து, ஒன்று மஸ்கட்டிலிருந்து. மூன்றாவதில் ஊர் இல்லை. ஒரு பாட்டி தன் பேத்திக்காக எழுதியிருந்தார், பத்தாவது தாளில் 'பழம்' என்பதற்குப் பதில் 'பளம்' என்று இருக்கிறதாம். திருத்திவிட்டேன்.