குறி தவறாத செருப்பு

ஹாலிவுட்டில் நடிகை திருமதி பாட்ரிக் காம்பெல்லுக்கு நேர்ந்த கதியை இந்த வாரம் சொல்வதாக வாக்களித்திருந்தோம். ஆனால், 1914-ஆம் வருஷம் லண்டன் ஹிஸ் மெஜஸ்டீஸ் தியேட்டரில் நடந்த ஒத்திகைகளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் அந்த அம்மையாரைக் கப்பலேற்றி அனுப்ப மனம் வரவில்லை.

நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா அம்மையாருக்கு எழுதிய காதல் கடிதங்களின் கதை வாசகர்கள் அறிந்ததே. தம் 'பிக்மேலியன்' நாடகத்தில் வரும் பூக்காரி எலிஸாவின் வேஷம் அம்மையாருக்கென்றே அமைந்ததென்று நாடகத்தை அவரிடம் வாசித்தும் காட்டினார். எலிஸாவுக்கு இருபது வயதுக்கு மேல் இராது, அம்மையாருக்கோ 49. கதாநாயகன் ஹிக்கின்ஸாக நடிக்க வந்தவர், தியேட்டரின் அதிபதியும், தம் வசனங்களை நெட்டுருப் போடுவதைவிட மேஜை நாற்காலிகளின் மறைவில் எழுதி ஒட்டிவைப்பதே உத்தமம் என்று கருதியவருமான ஸர் ஹெர்பர்ட் ட்ரீ.

நாடகத்தின் நான்காம் அங்கத்தில் எலிஸா கோபாவேசத்துடன் ஹிக்கின்ஸின் மீது செருப்புகளை விட்டெறிய வேண்டும். அம்மையாரின் கைவலுவையும் குறி தவறாத லாகவத்தையும் நன்கு அறிந்திருந்த ஷா, மிருதுவான வெல்வெட் செருப்புகளாகப் பார்த்துத் தருவித்திருந்தார். ஒத்திகையில் அந்தக் கட்டம் வந்ததும் செருப்பு பறந்து சென்று ட்ரீயின் முகத்திலேயே விழுந்தது. அப்படியொரு சம்பவம் நாடகத்தில் உண்டென்பதையே அடியோடு மறந்திருந்த அந்தப் பெரிய மனிதர், தம்மீது இத்தனை நாளாக அடக்கிவைத்திருந்த துவேஷத்தை அம்மையார் இப்படித் தீர்த்துக்கொண்டார் என்றே எண்ணி, அருகிலிருந்த நாற்காலியில் சாய்ந்து கண்ணீர் விட்டார். தியேட்டரில் இருந்தவர்களெல்லாம் கூடிநின்று, நாடகப் பிரதியையே பிரித்துக் காட்டிச் சமாதானம் சொல்லும்படி ஆயிற்று.

இந்தக் கலகங்களுக்கெல்லாம் அம்மையாரின் முன்கோபமே காரணம் என்பாருண்டு. நாம் அந்தக் கட்சியல்ல. செருப்பின் மென்மையைப் பற்றி அத்தனை யோசித்த ஷா, ட்ரீயின் ஞாபகசக்தியைப் பற்றியும் சற்று யோசித்திருக்கலாம். ஆனால் பிறர் சண்டையிடுவதைக் கண்டு ரஸிப்பதில் அந்தத் தாடிக்காரருக்கு இருந்த ஆனந்தம் நாடறிந்தது. போதாக்குறைக்கு, அரங்கேற்றத்துக்கு ஐந்தே நாள் இருக்கையில், வின்ஸ்டன் சர்ச்சிலின் தாயாரிடமிருந்து விவாகரத்தான கார்ன்வாலிஸ்-வெஸ்ட்டை அம்மையார் மணந்துகொண்டார். காதல் கடிதம் எழுதியவர் கதி என்னவென்று சொல்ல வேண்டுமா?

ஏப்ரல் 11-ஆம் தேதி திரை உயர்ந்தபோது, 49 வயதையும் மறந்து சபை அம்மையாரின் வசமாயிற்று. ஷாவோ நாடகம் முடியுமுன்பே கோபித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்; நூறாவது நாடகத்துக்குத்தான் மறுபடி தலைகாட்டினார். வந்து பார்த்தால், ஹிக்கின்ஸுக்கும் எலிஸாவுக்கும் காதல் இல்லையென்று தாம் வற்புறுத்தி எழுதிய முடிவைப் பொருட்படுத்தாமல், ட்ரீ தம் ஹிக்கின்ஸை எலிஸாவை நோக்கிப் பூச்செண்டு வீச வைத்துக்கொண்டிருந்தார்! ஜனங்கள் அதைத்தான் விரும்பினார்கள். இந்த ஒரு விஷயத்தில் ட்ரீயின் பக்கமே நியாயம் என்பது நம் அபிப்பிராயம்.

இதற்குள் நமக்கு ஒதுக்கிய இடம் தீர்ந்துபோயிற்று. ஹாலிவுட் அடுத்த இதழில்தான். அம்மையாரின் உயிருக்குயிரான மூன்பீம் என்னும் நாயும் அப்போதுதான் வருகிறது.